வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை விடுவிப்பது எப்படி? ஐசியூவுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் உறவினர்கள் ஐசியூ வாசலில் என்னை நிறுத்திக் கேட்கும் முதல் கேள்வி, "மெஷினை எப்போது எடுப்பீர்கள் சிஸ்டர்?" அதற்கான பதிலைத் தினமும் காலையில் நோயாளியிடமே தேட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நுரையீரலில் கிருமி சேரும், மூச்சுத் தசைகள் வலுவிழக்கும்.

டியூட்டி டாக்டரிடம் கேட்டுத் தூக்க மருந்தை நிறுத்துங்கள். கண் திறக்கிறாரா? சொன்னால் கையை அழுத்துகிறாரா? பிறகு எண்களைப் பாருங்கள்: மெஷின் தரும் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குள், பீப் (மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் மெஷின் தக்கவைக்கும் அழுத்தம்) 8க்குள், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு) 90க்கு மேல், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து மிகக் குறைவு. தொண்டை வழியாக மூச்சு டியூப் போடக் காரணமான நோயும் தணிந்திருக்க வேண்டும். இருமலில் வலு இருக்கிறதா என்பது சளியை உறிஞ்சச் சக்‌ஷன் போடும்போதே தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். 24 மூச்சு, 400 மில்லி என்றால் விடை 60, தைரியமாகத் தொடரலாம். 36 மூச்சு, 250 மில்லி என்றால் 144, அது அதிகம். யாங், டோபின் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் வகுத்த எல்லை 105.

இனி தானாக மூச்சுவிடும் சோதனை. சாய்ந்து உட்காரவைத்து, டாக்டர் சொல்படி பிரஷர் சப்போர்ட்டை (மூச்சை இழுக்கும்போது மெஷின் தரும் துணை அழுத்தம்) 5 முதல் 8க்குள் குறைத்து, 30 நிமிடம் விடுங்கள். பல நாள் மெஷினில் இருந்தவருக்கு 2 மணி நேரம் வரை. கட்டிலை விட்டு நகராதீர்கள். மூச்சு 35ஐத் தாண்டினாலோ, நாடித்துடிப்பு 140க்கு மேல் ஏறினாலோ, சாச்சுரேஷன் 90க்குக் கீழே இறங்கினாலோ நிறுத்திவிடுங்கள்.

மானிட்டரைவிட நான் நம்புவது வயிற்றை. மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பாமல் உள்வாங்கினால் உதரவிதானம் களைத்துவிட்டது என்று பொருள். படகுத் தொழிலாளி ஒருவருக்கு எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. இருபதாவது நிமிடத்தில் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைத்தன. "போதும் அண்ணா, ஓய்வெடுங்கள்" என்று டாக்டரை அழைத்துப் பழைய அளவுக்கே திருப்பினோம். வெளியே அவர் மனைவியிடம், "இன்று ஓய்வு அக்கா, நாளைக்கு மறுபடி பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு நாளில் சளியை எடுத்து, உடம்பில் தேங்கிய நீரையும் குறைத்தோம். மறுநாள் இரண்டு மணி நேரமும் அமைதியாக மூச்சுவிட்டார்.

டியூபை எடுக்கும் முன் கஃப் (டியூபைச் சுற்றியுள்ள சின்னக் காற்றுப்பை) காற்றை இறக்கி, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியாவிட்டால் தொண்டை வீங்கியிருக்கலாம். எடுத்த பிறகு மூச்சில் விசில் போன்ற சத்தம் கேட்டால் உடனே டாக்டரை அழையுங்கள். ஒரு வாய் தண்ணீராவது கொடுங்கள் என்று வீட்டார் கெஞ்சுவார்கள். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை உதட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.