ஆம்பளைக்கும் மார்பில் கட்டி வரும்: தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு என்ன செய்வது

பெரியப்பாவுக்கு வலது காம்புக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றும்போது இடித்திருக்கும் என்று தைலம் தேய்த்தே ஏழு மாதம் ஓட்டிவிட்டார். பீலியில் குளிக்கும்போதும் துண்டைத் தோளோடு போர்த்திக்கொள்வாராம். துவைக்கப் போட்ட பெனியனில் ரத்தப் பொட்டைப் பார்த்துத்தான் பெரியம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.

மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். 60 வயதுக்கு மேல்தான் அதிகம், இளவயதிலும் வரலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், குடியால் ஈரல் கெட்டிருந்தால், உடம்பு ரொம்பப் பருத்திருந்தால் வாய்ப்புக் கூடும்.

மாதம் ஒரு தடவை சோப்புப் போடும்போதே பாருங்கள். விரல்களைத் தட்டையாக வைத்து காம்புக்குப் பின்னால், சுற்றிலும், அப்புறம் அக்குளில், இரண்டு பக்கமும் தடவினால் போதும். கட்டி, காம்பு உள்ளே இழுத்திருப்பது, நீரோ ரத்தமோ வடிவது, தோல் குழிவது, ஆறாத புண், இதில் எது இருந்தாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. சிலருக்கு மருந்தாலோ ஹோர்மோன் மாற்றத்தாலோ மார்பு மெத்தென்று வீங்கும், அது புற்றுநோய் இல்லை, ஆனால் எது என்று நாமே முடிவு செய்யக்கூடாது.

எங்கே போவது? பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்றில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போகலாம். அங்கே வெட்கப்பட்டு "நெஞ்சில ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் இதயம் என்று நினைத்து ஈசீஜீ எடுத்து அனுப்பிவிடுவார்கள். சட்டையைக் கழற்றிக் கட்டியைத் தொட்டுக் காட்டுங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சிங்களத்தில் "பப்புவே கெட்டித்தக் தியெனவா" (மார்பில் கட்டி இருக்கிறது) என்று சொல்லுங்கள், புரிந்துவிடும். சர்ஜிக்கல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கிளினிக்கில் ஸ்கேன், மெமோகிராம் (ஆண்களுக்கும் எடுப்பார்கள்), அப்புறம் ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனை. ஊசி பட்டால் நோய் பரவும் என்று லயத்தில் யாராவது சொல்வார்கள், அதை நம்பி ஓடிவந்துவிடாதீர்கள், அந்தப் பரிசோதனை இல்லாமல் என்ன நோய் என்றே சொல்ல முடியாது. ரிப்போர்ட்டுகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரே சொப்பிங் பேக்கில் போட்டு மழை படாமல் வையுங்கள்.

புற்றுநோய் என்று வந்தால் கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, மஹரகமவில் அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், பஸ் காசும் வேலைக்குப் போகாத நாள் சம்பளமும்தான் நம் செலவு. ஆண்களுக்குச் சதை குறைவு என்பதால் பெரும்பாலும் அந்தப் பக்க மார்பையே எடுத்துவிடுவார்கள். தேவைக்கேற்பக் கீமோ, கதிர் சிகிச்சையும் உண்டு. ஆண்களுக்கு வருவது பெரும்பாலும் ஹோர்மோனால் வளர்கிற வகை, அதனால் தமொக்சிஃபென் மாத்திரையைத் தினமும், சாதாரணமாக 5 வருடம், குடிக்கச் சொல்வார்கள். உடம்பு திடீரென்று கொதிக்கும், தாம்பத்திய ஆசை குறையும். சொல்லக் கூச்சப்பட்டு இடையில் நிறுத்துகிறவர்கள் உண்டு, நிறுத்தாமல் டொக்டரிடமே சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தம் கட்டியிருக்கலாம்.

ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தாலும் கவ்வாத்துக் கத்தி கீறினாலும் உடனே கழுவி, சிவந்து வீங்கினால் காட்டுங்கள். சொல்லித்தரும் கைப்பயிற்சியை விடாதீர்கள்.

சகோதரிகள், மகள்மாரிடம் மறைக்க வேண்டாம், சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். பெரியப்பாவுக்குச் சொல்ல மனமே வரவில்லை, பெரியம்மாதான் சொன்னார். இப்போது அவர் மகள், எங்கள் அக்காவின் கிளினிக் கொப்பி முதல் பக்கத்தில் அப்பாவின் நோயும் எழுதியிருக்கிறது.