ஆர்க்கிட் இலை கோணலாக வரும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி ஆர்க்கிட் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஆன்சிடியம் என்ற வகை. புதிதாக வந்த இலை, மடித்து வைத்த காகித விசிறிபோல் குறுக்கே வரிவரியாகச் சுருங்கியிருந்தது. "தினமும் தண்ணி ஊத்துறேன்ணா. அப்பவும் சுருங்கிட்டே போகுது" என்றார். 'தினமும்' என்று அவர் சொன்னதுமே தொட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

உச்சி வெயிலில் வைத்து இலையைக் கருகவிடுவது, உரத்தை அள்ளிக் கொட்டுவது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இலை சுருங்கியதும் தண்ணீரைக் கூட்டுவது

நாம் தொட்டியில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும், வெலாமன் என்பார்கள். மழை பெய்ததும் அது நீரைச் சட்டென உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலர வேண்டும். தொட்டியில் நாம் போடும் மரப்பட்டைத் துண்டுகள் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் மக்கிப் பொடியாகின்றன. இடுக்கில் இருந்த காற்று போய்விடும், ஈரம் மட்டும் நிற்கும், வேர் அழுகும்.

அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. செடி ஈரத்திலேயே நின்றுகொண்டு தாகத்தில் வாடும். நீரே கிடைக்காத செடியின் இலையும் வேர் அழுகிய செடியின் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: தளர்ந்து, தோல்போலச் சுருங்கி. மேலே மட்டும் பார்ப்பவர் இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். மிச்சமிருந்த வேரும் போகும்.

என்னிடம் மூன்று வருடம் விடாமல் பூத்த, ஃபெலனாப்சிஸ் என்ற வகை ஆர்க்கிட் ஒன்று இருந்தது. இலை தொய்ந்ததும் தண்ணீரை இரட்டித்தேன். அடியில் தட்டு வைத்து அதிலும் நீர் நிறுத்தினேன். கீழ் இலைகள் இரண்டு மஞ்சளாயின; அதையும் தாகம் என்றே நினைத்தேன். ஒருநாள் தொட்டியை நகர்த்த அடித்தண்டைப் பிடித்தபோது செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. கீழே பழுப்பு நிறக் கூழ்தான் இருந்தது. ஐந்து நிமிடம் செலவழித்துத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இலையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணீர் போதவில்லை, கூட்டுங்கள்" என்று யாராவது சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தொட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. உள்ளே வெற்றாக அமுங்கினாலோ, இழுத்ததும் மேலுறை கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றாலோ அது செத்த வேர். நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். வெளிச்சம் படாமல் பட்டைக்குள் கிடந்த வேர் பழுப்பேறியும் நன்றாக இருக்கும். நல்ல வேர் காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை.

செத்ததை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமுள்ள வேர் கொள்ளும் அளவுக்கு மட்டும் சிறிய தொட்டியில் புதுப் பட்டையில் நடுங்கள். இந்தச் செடிக்கு இப்போது தேவை இலையைச் சுற்றி ஈரக்காற்றும் நேர்வெயில் படாத இடமும்தான். வேர்கள் எல்லாம் கெட்டியாக, வெள்ளையாக, தொட்டியும் இலேசாக இருந்தால் அது உண்மையான தாகம்; தாராளமாக ஊற்றலாம்.

அந்தத் தம்பியின் செடியில் மூன்று வேர்கள் கெட்டியாக இருந்தன. அது போதும்.

மடிப்பு விழுந்த இலையை வெட்டுவது

ஆன்சிடியம், மில்டோனியா வகைகளில் இலை விரியும் நாட்களில் நீரோ காற்றின் ஈரமோ குறைந்தால் இந்த மடிப்பு விழுகிறது. விழுந்தது இனி நிமிராது. ஆனால் பச்சையாக இருக்கும்வரை அந்த இலை செடிக்குச் சோறு போடுகிறது, இருக்கட்டும். வைத்தியம் பலித்ததா என்பதை அடுத்த குருத்தில் பாருங்கள்.

ஒட்டிய குருத்தை நகத்தால் பிரிப்பது

கிழியும். ஈரப்படுத்திவிட்டுக் காத்திருங்கள்.

கரும்பச்சை இலை என்று மகிழ்வது

நீண்டு, தொய்ந்து, கரும்பச்சையாக வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. பூ வராது. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.

பூத்தண்டில் இலை வந்ததும் கிள்ளுவது

அது நோயில்லை, கன்று. வளர்ப்பவர்கள் கெய்கி என்பார்கள்; ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். இரண்டு மூன்று இலையும் 5 செ.மீ. அளவுக்கு வேர்களும் வரும்வரை தாயோடு விடுங்கள். டென்ட்ரோபியம் நோபைல் என்ற வகையில் பூ வரவேண்டிய கணுவிலெல்லாம் கன்றாகவே வந்தால், குளிர்கால ஓய்விலும் நீரும் உரமும் குறையாமல் கொடுத்திருக்கிறீர்கள்.

நடுக்குருத்து நின்றதும் எறிந்துவிடுவது

ஃபெலனாப்சிஸில் சில சமயம் நடு உச்சியிலிருந்தே பூத்தண்டு கிளம்பும். அதற்குமேல் அந்த உச்சியில் இலை வராது. ஆனால் அடியில் பக்கக்கன்று வெடிக்க வாய்ப்புண்டு. மற்ற இலைகள் திடமாக இருந்தால் பொறுத்திருங்கள்.

ஒரே கத்தியால் எல்லாவற்றையும் வெட்டுவது

புது இலையில் வெளிர்க் கோடுகளும் திட்டுகளும் தெரிந்தால் முதலில் இலையின் அடிப்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். செதில் பூச்சி, சிலந்திப்பேன், இலைப்பேன் எதுவும் இல்லையென்றால் வைரஸாக இருக்கலாம். ஆர்க்கிட்டில் அதிகம் பரவுபவை சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஒடொண்டோகுளோசம் ரிங்ஸ்பாட் வைரஸும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. கத்தியில் ஒட்டிய சாறு வழியே அடுத்த செடிக்குப் போய்விடும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, பரிசோதித்துத்தான் அறிய வேண்டும். அதுவரை அந்தச் செடியைத் தனியே வையுங்கள். ஒவ்வொரு செடிக்கும் புது பிளேடு எடுங்கள், அல்லது கத்தியைத் தீயில் காட்டிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.