முகூர்த்தத் தேதியைச் சொல்லுங்கள், அப்புறம் மெஷினைப் பேசலாம்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கமும் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இப்போதெல்லாம் பெண்ணைவிட அம்மாமார்தான் அதிகம் போன் செய்கிறார்கள். "ஏம்மா, கழுத்து தொங்குது, ஆபரேஷன் இல்லாம இறுக்க முடியுமா?" நான் முதலில் கேட்பது முகூர்த்தத் தேதியை.

காரணம் உண்டு. ஆபரேஷன் இல்லாமல் இறுக்கும் மெஷின் ரேடியோ அலையோ அல்ட்ராசவுண்டோ, இரண்டும் தோலுக்குள் சூடு கொடுத்துப் புதுக் கொலாஜன், அதாவது தோலைத் தாங்கும் புரதம், வளரவைக்கும் வேலைதான். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். தை மாதக் கல்யாணத்துக்குப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். மார்கழியில் கிளினிக் தேடினால் ஆல்பம் வந்த பிறகுதான் முகம் மாறும்.

அடுத்து, மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது தெரிவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் எந்த மெஷினும் அதை ஈடுகட்டாது. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கொஞ்சம்போலத்தான் தொய்வு என்றால் சரி. தாடை ஓரம், புருவம் இறங்கியிருந்தால் ஹைஃபூ, அதாவது அல்ட்ராசவுண்டைக் குவித்து அனுப்பும் மெஷின், கேட்கலாம். அதன் அல்ட்ராசவுண்ட் 4.5 மில்லிமீட்டர் ஆழம்வரை போகும். ஆபரேஷனில் டாக்டர்கள் இழுத்துத் தைக்கும் அடுக்கு அங்கேதான் இருக்கிறது. இந்த வகையில் அல்தெரபி மெஷினுக்குப் புருவத்தைத் தூக்க 2009லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. தாடை எலும்புப் பக்கம் சுருக்கென்று வலிக்கும். கன்னம் ஒட்டிய ஒல்லி முகக்காரர்கள் அவசரப்படாதீர்கள், கொழுப்பு கரைந்து இன்னும் வாடிப்போக வாய்ப்புண்டு.

தொய்வைவிட மெல்லிய சுருக்கம்தான் பிரச்சினை என்றால் ரேடியோ அலை. லேசர், ஐபிஎல் என்கிற ஒளி சிகிச்சை மாதிரி நிறத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை என்பதால் நம் மாநிறத்துக்குக் கருந்திட்டு பயம் குறைவு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது. ரேடியோ அலையை நுண்ணூசியோடு சேர்த்துச் செய்யும் ஆர்எஃப் மைக்ரோநீடிலிங் வேறு கதை. பருத்தழும்புக்கும் உதவும், ஆனால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்கு ஆகாது. தீக்காயம், தழும்பு, நரம்புச் சேதம் நேர்ந்ததைச் சொல்லி, மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏ 2025 அக்டோபரில் எச்சரித்தது. மைக்ரோநீடிலிங் செய்த கையோடு நலங்கு மஞ்சள் பக்கமே போகாதீர்கள்.

தோலுக்கடியில் நூல் போட்டுத் தூக்குவது உடனே தெரியும். நூல் கரைந்துவிடும், தூக்கலும் போய்விடும். எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை.

பைபாஸ் ரோட்டிலும் அண்ணா நகரிலும் போர்டுக்குப் பஞ்சமில்லை. உள்ளே போனதும், "மெஷினைப் பிடிக்கப்போவது யார்?" என்று கேளுங்கள். தோல் மருத்துவம் படித்த டாக்டராக இருக்க வேண்டும், குறைந்தது அவர் பக்கத்திலாவது நிற்க வேண்டும். எத்தனை ஷாட் (மெஷின் சூடு பாய்ச்சும் எண்ணிக்கை), எத்தனை தடவை, சொல்லும் விலை ஒரு தடவைக்கா மொத்தத்துக்கா என்பதை எழுதி வாங்குங்கள். ஹைஃபூ என்ற பெயரில் பல மெஷின் இருக்கிறது, கம்பெனிப் பெயரையும் கேளுங்கள்.

முதல் நாளே மேக்கப் இல்லாமல், நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று. சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள், கல்யாண வீட்டில் எல்லோரும் "நல்லாயிருக்கீங்க மதினி" என்றுதான் சொல்வார்கள்.