மொட்டை மாடியில் லேசர் உயரமானி: நகர மறுத்த 2.94 மீட்டர்

ஒளி தரைக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் உயரம் கிடைத்துவிடும். போய்வருவது இரட்டைத் தூரம் என்பதால் நானோவினாடிக்கு 15 சென்டிமீட்டர். இந்த ஒரு கணக்கு போதும்.

தேவையானவை: ஃபைபர் வால் பொருத்திய 1550 நானோமீட்டர் துடிப்பு லேசர், மூன்று முனை சர்க்குலேட்டர் (ஒளியை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு மட்டும் அனுப்புவது), கோலிமேட்டர் (ஃபைபரிலிருந்து வரும் ஒளியை நேர்க்கற்றையாக்கும் லென்ஸ்), மெல்லிய ஒளியையும் உணரும் ஏபிடி உணரி, நேரம் அளக்கும் சிப்பான டிடிசி7200. சிக்னலை எண்களாக மாற்றும் வேகமான ஏடிசி வேண்டும் என்பார்கள். வாங்காதீர்கள், பேட்டரியை உறிஞ்சிவிடும். இந்தச் சிப் 55 பிகோவினாடிவரை பிரித்தறியும்; அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 100 மில்லிவாட் துடிப்பை 10 நானோவினாடி வீதம் நொடிக்கு 1,000 முறை விட்டாலும் சராசரி 1 மைக்ரோவாட்தான். ஆனாலும் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். இந்த ஒளி கண்ணுக்கும் தெரியாது, செல்போன் கேமராவுக்கும் தெரியாது.

லேசரை முதல் முனையிலும் கோலிமேட்டரை இரண்டாவதிலும் உணரியை மூன்றாவதிலும் இணையுங்கள். கோலிமேட்டரைக் கைப்பிடிச் சுவரிலிருந்து நேர்கீழே திருப்புங்கள். முதல் சோதனைக்குத் தரையில் லாரிகளின் பின்னால் ஒட்டும் ஒளிர்பட்டையைப் போடுங்கள், சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

நான் மூன்று நாள் தவித்தது இங்கேதான். சர்க்குலேட்டர் முனையைப் பூஜ்யமாக வைத்து அளந்தேன். எங்கே திருப்பினாலும் 2.94 மீட்டர். கோலிமேட்டரைக் கையால் மூடினேன், அப்போதும் 2.94! கடைசியில்தான் உறைத்தது: சர்க்குலேட்டருக்கும் கோலிமேட்டருக்கும் நடுவே நான் போட்டிருந்த, ரிச்சி தெருவில் வாங்கிய பேட்ச் கார்டு (இணைப்பு ஃபைபர்) 2 மீட்டர். ஃபைபருக்குள் ஒளி 1.47 மடங்கு மெதுவாகப் போகும். பெருக்கினால் அதே 2.94. கருவி தரையை அல்ல, ஃபைபரின் நுனியை அளந்துகொண்டிருந்தது. நேராக மெருகிட்ட கண்ணாடி நுனி 3.5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தரையிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது.

தீர்வு பச்சை நிற ஏபிசி கனெக்டர். வீட்டு இணைய இணைப்பில் பார்த்திருப்பீர்கள். நுனி 8 டிகிரி சாய்ந்திருப்பதால் திரும்பும் ஒளி ஃபைபரின் மையத்தில் தங்காமல் ஓரமாகக் கசிந்துவிடும். கோலிமேட்டரும் ஏபிசி வகையாகவே இருக்கட்டும். பச்சையை, நேராக மெருகிட்ட நீல நிறக் கனெக்டரோடு இணைத்தால் நுனி கெட்டுவிடும்.

மாற்றியதும் 14.14 காட்டியது. 2.94 போக 11.2. கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

பின்சேர்க்கை: கார்டை மாற்றும்போதெல்லாம் கணக்கு தவறுகிறது என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். பச்சையிலும் துளி ஒளி திரும்பும். டிடிசி7200 ஐந்து ஸ்டாப் துடிப்புகள்வரை, அதாவது திரும்பி வரும் ஐந்து துடிப்புகளின் நேரம்வரை, பதிவு செய்யும். முதலாவதை நுனியாகவும் அடுத்ததைத் தரையாகவும் கொண்டு கழியுங்கள். கார்டின் நீளமே தேவையில்லை.

ஒருவருக்கு அப்படியும் திடீரென 3.4 வந்ததாம். இரண்டாம் மாடியில் யாரோ வேட்டி உலர்த்தியிருந்தார்கள்.