இடுப்பு மூட்டு இம்பிளான்ட்டின் எஃப்.டி.ஏ. கிளியரன்ஸைப் படிப்பது எப்படி? ஸ்டிக்கரிலிருந்து தொடங்கலாம்

பெரியம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். டிஸ்சார்ஜ் ஃபைலின் கடைசிப் பக்கம், அதில் வரிசையாக நான்கு ஸ்டிக்கர். கீழே ஒரு கேள்வி: “அக்கா, இது எஃப்.டி.ஏ. அப்ரூவ்டுன்னு டாக்டர் சொன்னார். அதை எங்க போய்ப் பார்க்கிறது?”

மருத்துவச் சாதனங்களுக்கு அனுமதி வாங்கும் பிரிவில்தான் நான் வேலை பார்க்கிறேன். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு. அன்று ராத்திரி ஃபோனில் அவனோடு சேர்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஸ்டிக்கர் போட்டோவும் இன்டர்நெட்டும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும், மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன இடத்தில் வலியோ வீக்கமோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இந்தத் தேடலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘அப்ரூவல்’ வேறு, ‘கிளியரன்ஸ்’ வேறு. அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்கான சட்டத் திருத்தம் 1976 மே 28-ல் வந்தது. அதன்படி ஆபத்து மிகுந்த சாதனங்கள், தங்கள் பாதுகாப்பையும் பலனையும் தாங்களே தனியாக நிரூபிக்க வேண்டும். பி.எம்.ஏ. எனப்படும் அந்த வழியில் கிடைப்பதுதான் அப்ரூவல். இடுப்பு இம்பிளான்ட்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வருவதில்லை. சட்டத்தின் 510(கே) பிரிவில் வருகின்றன. அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: “ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் உள்ள ஒன்றுக்கு இது சமமா?” சமம் என்று எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டால் அது கிளியரன்ஸ். டாக்டர் பேச்சுவாக்கில் அப்ரூவ்டு என்று சொல்வது வழக்கம்தான். நீங்கள் படிக்கும்போது மட்டும் இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 1: ஸ்டிக்கர்களைப் பிரித்துப் பாருங்கள்

பள்ளிக்கூடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். அந்தப் பந்தும் கிண்ணமும்தான் மாற்றப்படுகின்றன. பொதுவாக நான்கு பாகங்கள்: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் கழுத்தில் உட்காரும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் லைனர். ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில் வருவதால் நான்கு ஸ்டிக்கர். ஸ்க்ரூ போட்டிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும்.

ஸ்டிக்கரில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெஃப் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது மாடல் எண். லாட் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது அது எந்தத் தொகுதியில் தயாரானது என்பதற்கான எண். தொழிற்சாலை போன்ற குட்டிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரிப்பாளரின் பெயர். தண்டு ஒரு கம்பெனி, கிண்ணம் இன்னொரு கம்பெனி என்றிருந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஃபைலில் ஸ்டிக்கரே இல்லையென்றால் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் கேட்டு நகல் வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு ரீகால், அதாவது குறையுள்ள சாதனத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, வந்தால், “இது நம்முடையதுதானா?” என்பதை அந்த லாட் எண்தான் சொல்லும்.

படி 2: பார்கோடு எண்ணைத் தேடுங்கள்

பார்கோடுக்குக் கீழே பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் 01 என்று தொடங்கி 14 இலக்க எண் இருக்கும். அதை அமெரிக்க அரசின் ‘ஆக்சஸ் குடிட்’ தளத்தில் போடுங்கள். பாகத்தின் பெயர், அளவு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா என்ற விவரம், கூடவே மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும். அந்த மூன்றெழுத்துதான் சாவி. எல்.பி.எச். என்றால் உலோகப் பந்து, பாலிமர் லைனர், சிமென்ட் இல்லாமல் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும் வகை. ஜே.டி.ஐ. என்றால் சிமென்ட் வைத்துப் பொருத்துவது. எல்.இசட்.ஓ. என்றால் செராமிக் பந்து. கே.டபிள்யூ.ஏ. என்றால் உலோகத்தின் மேல் உலோகம். இந்தக் கடைசி வகையாக இருந்தால் படி 5-ஐ நிதானமாகப் படியுங்கள்.

படி 3: 510(கே) பட்டியலைத் திறங்கள்

எஃப்.டி.ஏ. தளத்தில் இந்தப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாக இருக்கிறது. கம்பெனி பெயரையும் மூன்றெழுத்துக் குறியீட்டையும் போட்டுத் தேடுங்கள். கே என்ற எழுத்தில் தொடங்கும் ஆறு இலக்க எண்கள் வரிசையாக வரும். முதல் இரண்டு இலக்கம் விண்ணப்பித்த வருஷம். தண்டுக்கு ஒரு கே எண்ணும் கிண்ணத்துக்கு வேறொரு கே எண்ணும் இருப்பது சகஜம்.

பி என்று தொடங்கினால் அது பி.எம்.ஏ. வழியில் வந்தது. அதற்கென்று உள்ள பி.எம்.ஏ. பட்டியலில் பி040033 என்று தேடிப் பாருங்கள். 2006-ல் அப்ரூவல் பெற்ற பர்மிங்காம் ஹிப் ரீசர்ஃபேசிங் வரும்.

விண்ணப்பம் வந்த தேதியும் முடிவான தேதியும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். எஃப்.டி.ஏ.வின் இலக்கு 90 நாள். ஆனால் அவர்கள் கூடுதல் விவரம் கேட்டால் கடிகாரம் நின்றுவிடும், பதில் சொல்லக் கம்பெனிக்கு 180 நாள் வரை கிடைக்கும். அதனால் ஏழெட்டு மாத இடைவெளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலையில் நான் பார்த்த வரை, நிறையக் கேள்வி கேட்கப்பட்ட விண்ணப்பங்கள் மோசமானவை என்று சொல்லவே முடியாது.

படி 4: கடிதத்தையும் அடுத்த பக்கத்தையும் படியுங்கள்

கே எண்ணைத் தொட்டால் சுருக்க அறிக்கைக்கான இணைப்பு வரும். முதலில் இருப்பது கம்பெனிக்கு எஃப்.டி.ஏ. எழுதிய கடிதம். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான், வேகமாகத் தாண்டலாம். அடுத்த பக்கத்தில்தான் எந்த நோயாளிக்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கும்: மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது, தொடை எலும்பின் கழுத்து முறிவு. ‘சிமென்ட் இல்லாமல் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஆபரேஷன் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

படி 5: முன்னோடி யார் என்று பாருங்கள்

இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். ‘எதற்குச் சமம்’ என்று கம்பெனி காட்டிய பழைய சாதனம்தான் முன்னோடி. அதன் கே எண்ணும் அறிக்கையில் இருக்கும். அதைத் தேடினால் அதற்கும் ஒரு முன்னோடி. அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மேலே போய்க்கொண்டே இருக்கலாம். குறைந்தது மூன்று தலைமுறையாவது போங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு நிஜக் கதை. டிபியூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். எக்ஸ்.எல். என்ற இடுப்பு இம்பிளான்ட், உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் உரசும் வகை. 2005-ல் 510(கே) கிளியரன்ஸ் வாங்கியது. சந்தைக்கு வருமுன் நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அந்த வழியில் அது கட்டாயமும் இல்லை. 2013-ல் ஆய்வாளர்கள் இதன் வம்சாவளியைத் தோண்டினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் பின்னோக்கிப் போனது, மொத்தம் 95 சாதனங்கள். ஒன்றிலிருந்து பந்து, இன்னொன்றிலிருந்து கிண்ணம் என்று சேர்த்துச் சேர்த்து வந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் மாற்றம் சிறியதுதான். கடைசியில் நின்ற சாதனம் முதலில் இருந்ததுபோல் இல்லை.

ஏ.எஸ்.ஆர். கிண்ணத்தின் ஆழம் குறைவு. கொஞ்சம் செங்குத்தாகப் பொருத்திவிட்டால் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உரசும். உரசிய கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, சுற்றியிருந்த சதை கெட்டது. பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேட்டின்படி ஐந்தே வருஷத்தில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன். 2010 ஆகஸ்டில் ரீகால் செய்யும்போது உலகம் முழுக்க சுமார் 93,000 பேர் உடம்புக்குள் அது இருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 பேர். 2016 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ., உலோகத்தின் மேல் உலோக முழு இடுப்பு மூட்டுகளுக்கு இனி பி.எம்.ஏ. கட்டாயம் என்று உத்தரவு போட்டது.

ஆகவே முன்னோடியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது ரீகால் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

படி 6: என்ன டெஸ்ட் செய்தார்கள்?

அறிக்கையில் ஐ.எஸ்.ஓ. எண்கள், அதாவது சர்வதேசத் தரச் சோதனைகளின் எண்கள், வரிசையாக இருக்கும். இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஐ.எஸ்.ஓ. 7206. தண்டின் கீழ்ப்பாதியைச் சிமென்டில் புதைத்து, சாய்வாக நிறுத்தி, மேலிருந்து அழுத்துவார்கள். எலும்பு மேற்பகுதியில் விட்டுப்போய், தண்டு பாதி அந்தரத்தில் நிற்கும் மோசமான நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். நான்காம் பகுதியில் 2,300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 235 கிலோ பாரம், 50 லட்சம் தடவை. கழுத்துப் பகுதிக்கான ஆறாம் பகுதியில் 5,340 நியூட்டன், ஒரு கோடி தடவை. ஒரு விரிசல்கூட விழக்கூடாது.

ஐ.எஸ்.ஓ. 14242. இது தேய்மான டெஸ்ட். பந்தும் லைனரும் மெஷினில் நடப்பதுபோலவே அசையும். மூட்டு நீருக்குப் பதிலாக 37 டிகிரியில் கன்றுக்குட்டியின் சீரம். ஒவ்வொரு அடியிலும் உச்சப் பாரம் 3,000 நியூட்டன். நொடிக்கு ஒரு அடி வீதம் 50 லட்சம் அடி என்றால் மெஷின் நிற்காமல் 58 நாள் ஓட வேண்டும். இடையிடையே நிறுத்தி, லைனரைக் கழுவிக் காயவைத்து, எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று எடை போடுவார்கள். லைனர் சீரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், நடக்காமல் ஊறிக்கொண்டே இருக்கும் இன்னொரு லைனரையும் எடை போட்டுக் கழிப்பார்கள். அந்த மெனக்கெடலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் மெஷினில் கிண்ணம் ஒழுங்கான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆபரேஷன் டேபிளில் எல்லாருக்கும் அப்படி அமையாது. ஏ.எஸ்.ஆர். மாட்டிக்கொண்டது அங்கேதான். அறிக்கையின் கடைசியில் ‘நோயாளிகளிடம் சோதனை தேவைப்படவில்லை’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அது ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றுமில்லை, 510(கே) வழியின் இயல்பே அதுதான்.

படி 7: கிளியரன்ஸுக்குப் பிறகு என்ன ஆனது?

எஃப்.டி.ஏ.வின் ரீகால் பட்டியலில் மாடல் பெயரைப் போடுங்கள். அப்புறம் பதிவேடுகள். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் ஒவ்வொரு இடுப்பு மாற்றையும் பதிந்து, எந்த மாடலுக்கு எத்தனை மறு ஆபரேஷன் என்று வருஷா வருஷம் வெளியிடுகின்றன. அவ்வளவு பெரிய அறிக்கையைப் படிக்க முடியாது என்றால் பிரிட்டனின் ஓ.டி.இ.பி. என்ற நிபுணர் குழு தரும் மதிப்பீட்டைப் பாருங்கள். 10ஏ என்று போட்டு நட்சத்திரம் இருந்தால், பத்து வருஷத் தரவோடு நன்றாக நின்றிருக்கிறது என்று பொருள். என்னைக் கேட்டால், கிளியரன்ஸ் கடிதத்தைவிட இந்த ஒரு நட்சத்திரத்துக்கு அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படி 8: இந்தியாவில்

இங்கே 2017-ன் மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி இடுப்பு இம்பிளான்ட் சி வகுப்பு, அதாவது ஆபத்து ஓரளவு அதிகமுள்ள பிரிவு. இறக்குமதிக்கு, மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. தரும் உரிமம் எம்.டி.-15. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்பனையில் இருப்பதற்குச் சான்றிதழ் இருந்தால், இங்கே தனியாக நோயாளிகளிடம் சோதிக்காமலே உரிமம் தர விதி இடம் கொடுக்கிறது. அதனால்தான் அமெரிக்கக் காகிதத்தைப் படிக்கச் சொல்லி இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறேன்.

இம்பிளான்ட்டால் பாதிப்பு என்று தோன்றினால், காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் மெட்டீரியோவிஜிலன்ஸ் (மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்பைக் கண்காணிக்கும்) திட்டத்தில் புகார் செய்யலாம், கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியோ வீட்டில் இருப்பவர்களோ நேரடியாகவே செய்யலாம். ரெஃப், லாட் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

பெரியம்மாவுடையது செராமிக் பந்து, பாலிமர் லைனர். மூன்று தலைமுறை மேலே போய்ப் பார்த்தோம், முன்னோடிகளில் ரீகால் எதுவும் அகப்படவில்லை. தண்டுக்கு நட்சத்திரம் இருந்தது. தம்பி அந்த ஸ்டிக்கர் பக்கத்தை மூன்று நகல் எடுத்தான். ஒன்றைப் பெரியம்மா, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறார்.