ரத்த ஓட்ட சிமுலேஷனை ஏஜென்டிடம் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மாணவர் ஒருவர் கரோனரி தமனியின் வடிவத்தை சிடி ஸ்கேனிலிருந்து பிரித்தெடுத்தார். அதை ஏஐ ஏஜென்டிடம் கொடுத்து, ஓபன்ஃபோமில் (திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள்) எரர் இல்லாமல் ஓட வை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது சிவப்பும் நீலமுமாகப் படம் தயாராக இருந்தது. லாக் கோப்பைத் திறந்து பார்த்தோம். முதல் இரண்டு முறை கணக்கு சிதறிப் பாதியில் நின்றிருக்கிறது. மூன்றாம் முறை ஏஜென்ட் தானாகவே இது கொந்தளிப்பான ஓட்டம் என்று முடிவுகட்டி, அதற்கான டர்புலன்ஸ் மாடலைச் சேர்த்திருக்கிறது. அப்புறம் எல்லாம் சுமுகம்.

நடந்தது இதுதான். ஸ்கேனிலிருந்து வரும் வடிவம் வழக்கமாக மில்லிமீட்டரில் இருக்கும். ஓபன்ஃபோம் அதை மீட்டர் என்று படிக்கும். 3 மி.மீ. தமனி 3 மீட்டர் குழாயாகிவிட்டது, உள்ளே லாரி போகலாம். ரத்தம் நொடிக்கு 20 செ.மீ. ஓடினால் அந்தத் தமனியில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 180 அளவில் வர வேண்டும். இங்கே 1,80,000. அவ்வளவு பெரிய எண்ணுக்கு டர்புலன்ஸ் மாடல் பொருத்தமே! ஏஜென்டைத் திட்டிப் பயனில்லை. எரர் வரக்கூடாது என்றுதானே கேட்டோம், வராமல் செய்துவிட்டது.

அதனால் இப்போது எங்கள் குழுவில் வேலையை வேறு மாதிரி கொடுக்கிறோம். குழாயின் விட்டம், ரெனால்ட்ஸ் எண், எதிர்பார்க்கும் அழுத்த வேறுபாடு ஆகியவற்றை முதலில் கையால் கணக்கிட்டு எழுதிவைக்கிறோம். ஏஜென்டின் எண் அதிலிருந்து விலகினால் அது நின்று கேட்க வேண்டும். இயற்பியலை மாற்றும் எதையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது.

அலகுச் சிக்கல் நீளத்தோடு முடிவதில்லை. 120 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது 16,000 பாஸ்கல். ஆனால் ஓபன்ஃபோமின் அமுக்கமுடியாத ஓட்டத்துக்கான சால்வர்கள் (கணக்கைத் தீர்க்கும் நிரல்கள்) அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தே வைத்திருக்கும். ரத்தத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 1060 கிலோ என்றால் அங்கே எழுத வேண்டியது சுமார் 15.1. சென்டிமீட்டர், கிராம், நொடி அலகில் வேலை செய்யும் சிம்வாஸ்குலர் (ரத்த ஓட்ட சிமுலேஷனுக்கான இன்னொரு மென்பொருள்) பயனருக்கோ அதே அழுத்தம் 1,60,000. பல டுடோரியல்களைப் படித்து வளர்ந்த ஏஜென்ட் இவற்றைக் கலந்துவிடும். ரத்தம் சுவரை உரசி இழுக்கும் தகைவுக்கும் இதே கதைதான். 1.5 பாஸ்கல் இருக்க வேண்டிய இடத்தில் 0.0014 என்று வரும். 0.4 பாஸ்கலுக்குக் கீழே கொழுப்புப் படிவுக்கு வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோலை அதன்மேல் வைத்தால், தமனி முழுவதும் ஆபத்துப் பகுதியாகிவிடும்.

அடுத்து, கிளைகளின் முனையில் அழுத்தம் பூஜ்யம் என்று போடும் பழக்கம். ஒரே வெளிவாய் உள்ள, விறைப்பான சுவர்க் குழாய்க்கு அது பரவாயில்லை. பல கிளைகள் உள்ள பெருந்தமனியில், ரத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை நாம் கிளையை வெட்டிய இடமே தீர்மானித்துவிடும். அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்களின் தடை கணக்கில் வராது. இதற்குத்தான் அந்தத் தடையையும் தமனிகளின் நெகிழ்வையும் கிளையின் முனையில் சேர்க்கும் விண்ட்கெஸல் மாதிரி. 1899இல் ஓட்டோ ஃபிராங்க் எழுதியது. பழைய தீயணைப்பு பம்புகளில் இருந்த காற்றறையின் பெயர் அது. ஏஜென்ட் அதற்கு எண்களைத் தந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். சராசரி அழுத்தம் 93 மி.மீ., ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால், கிளைகளின் தடைகளை இணைச்சுற்றாகக் கூட்டும்போது 93-ஐ 5-ஆல் வகுத்த 18.6 அருகில் வர வேண்டும். பிளஸ் டூ கணக்குதான், ஆனால் செய்பவர்கள் குறைவு.

வடிவத்தை அளவுக்குமேல் நம்புவதும் தவறு. 3 மி.மீ. தமனியின் ஆரம் 1.5 மி.மீ. அதில் 0.15 மி.மீ. குறைத்துக் கோடு போட்டால், ஆரத்தின் நான்காம் அடுக்கு விதிப்படி தடை 52 சதவீதம் கூடும். சிடி படத்தின் ஒரு பிக்சலே அரை மில்லிமீட்டர் அளவு. மெஷ்ஷை (கணக்குக்காக வடிவத்தைத் துண்டாக்கும் வலையை) நுணுக்கியோ புதிய நியூரல் நெட்வொர்க்கைப் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது.

சுவரும் சேர்ந்து அசையும் சிமுலேஷன் என்றால் இன்னொன்றும் உண்டு. ஸ்கேனில் தெரியும் தமனி ஏற்கெனவே ரத்த அழுத்தத்தில் விரிந்து நிற்பது. அதைத் தளர்ந்த நிலையாக எடுத்து மேலும் 120 ஏற்றினால், ஒரே பலூனை இரண்டு முறை ஊதியதாகும்.

சிமுலேஷன் முடிவுகளை வைத்து மாடலைப் பயிற்றுவிப்பவர்களுக்கு: பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது நோயாளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே நோயாளியின் இதயத்துடிப்பில் பாதி நேரப்புள்ளிகள் இங்கும் மீதி அங்கும் போனால், வரும் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

நோயாளியின் தமனியைக் கொடுக்குமுன் ஏஜென்டுக்கு ஒரு தேர்வு வைக்கலாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இதற்கென ஒரு நாசில் (குறுகும் குழாய்) அளவுகோலை வெளியிட்டிருக்கிறது, 12 மி.மீ. குழாய் 4 மி.மீ. கழுத்தாகச் சுருங்கி, பிறகு திடீரென விரியும். ஆய்வகங்களில் அளந்த திசைவேகமும் உண்டு. 28 குழுக்கள் அதைக் கணக்கிட்டு அனுப்பியபோது, மனித நிபுணர்களின் விடைகளே வெகுவாக வேறுபட்டன. ஒரு சங்கடம், அந்த விடைகள் இணையத்தில் கிடக்கின்றன, ஏஜென்ட் பார்த்திருக்கக்கூடும். நான் நாசிலை 1.3 மடங்கு பெரிதாக்கி, ரெனால்ட்ஸ் எண் மாறாதபடி வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறேன். பரிமாணமற்ற விடை (வேகத்தை நுழைவு வேகத்தால் வகுத்தது போன்ற அலகில்லா எண்) அப்படியே வர வேண்டும். மனப்பாடம் செய்தது பழைய வேகத்தையே ஒப்பித்து மாட்டிக்கொள்ளும்.