ஓடைத் திரட்டிக்கும் சொந்த வலைப்பூவுக்கும் திரும்பும் வழி

பள்ளத்தூரில் இருக்கும் என் ஆச்சி, கவுனி அரிசி செய்யும் பக்குவத்தை ஒரு சமூக ஊடகத்தில் எழுதியிருந்தார். முதல் நாள் இரவே அரிசியை ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட்டு, அது நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும், முந்திச் சேர்த்தால் அரிசி விறைத்துப்போகும் என்று காரணத்தோடு எழுதியிருந்தார். எட்டு மாதம் கழித்து, "தம்பி, அன்னைக்கு எழுதுனத எடுத்துத் தாப்பா" என்று அவர் கேட்டபோது, அரைமணி நேரம் தேடியும் அது அகப்படவில்லை. அன்றுதான் எழுதுவதையும் படிப்பதையும் சொந்த இடத்துக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவுசெய்தேன். நான் செய்தவற்றை, அதே வரிசையில் இங்கே தருகிறேன்.

முதலில் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வலைப்பூவும் (பிளாக்) தன் அண்மைப் பதிவுகளைச் செய்தியோடை என்ற ஒரு கோப்பில் வைத்திருக்கும். திரட்டிச் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்துப் புதியதை மட்டும் கொண்டுவந்து, பெரும்பாலும் தேதி வரிசையில் அடுக்கும். எதை உங்களுக்கு முன்னால் காட்டலாம் என்று நடுவில் இருந்து தீர்மானிப்பவர் எவரும் இல்லை. 1999-இல் வந்த ஆர்.எஸ்.எஸ். என்ற இந்த ஏற்பாடு, 2013 ஜூலை 1-ஆம் நாள் கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மூடப்பட்டது ஒரு திரட்டிதான். வலைப்பூ நடத்த இடம் தரும் பிளாகரும் வேர்ட்பிரஸும் இன்றும் ஒவ்வொரு வலைப்பூவுக்கும் ஓடை தந்துகொண்டுதான் இருக்கின்றன.

நீங்கள் உண்மையிலேயே விரும்பிப் படிக்கும் பத்துப் பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர் ஆகிய செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பட்டியல் வேண்டுமென்றால் ஃபீட்லி அல்லது இனோரீடரில் கணக்குத் தொடங்கலாம். வலைப்பூவின் முகப்பு முகவரியை ஒட்டினாலே ஓடையைச் செயலி பெரும்பாலும் தானே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளமாயின் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். நாளிதழ்களின் ஓடைகளை இவற்றோடு கலக்க வேண்டாம். நாளொன்றுக்கு நூறு தலைப்புகள் வந்து விழும் இடத்தில், மாதம் ஒருமுறை எழுதுபவர் மூழ்கிப்போவார். தமிழ்மணம் என்ற வலைப்பூத் திரட்டித் தளம் செழித்திருந்த காலத்தில் எழுதி, இப்போது ஓய்ந்துவிட்ட பதிவர்களையும் பட்டியலில் விட்டுவையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்கள் ஒரு பதிவு இட்டாலும் அது உங்களைத் தேடி வரும்.

அடுத்தது எழுதுவது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தனியாளாகச் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. நம் செட்டிநாட்டு ஊர்களில் ஒரு வீடு இடிபட்டால், அதன் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரலாம்; அந்த வீட்டில் யார் இருந்தார்கள், வீட்டின் எந்தப் பகுதியில் என்ன நடந்தது என்ற செய்தியை எழுதிவைக்க நம்மை விட்டால் ஆள் இல்லை.

பிளாகரில் இலவசமாகவே தொடங்கலாம். ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்த முகவரி வாங்கிக்கொண்டால், பின்னாளில் வேறு சேவைக்கு மாறினாலும் உங்கள் முகவரி மாறாது. அமைப்புகளில் ஓடையை 'முழுமை' என்று வையுங்கள்; முதல் நான்கு வரி மட்டும் போனால் திரட்டியில் படிப்பவருக்கு எரிச்சலே மிஞ்சும். தலைப்பில் பொருள் தெரிய வேண்டும். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்கள் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் இட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவதை நேரில் பார்த்து எழுதினால், 'ஆத்தங்குடிக் கல் வார்க்கும் முறை' என்றே பெயரிடுங்கள். 'ஒரு மாலைப் பொழுது' என்று வைத்தால் தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

சமூக ஊடகத்தை ஒரே நாளில் விட வேண்டியதில்லை. முதலில் வலைப்பூவில் எழுதிவிட்டு, அதன் சுட்டியை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடுங்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர் அதைத் திறந்து படிப்பார்கள். திரட்டி பழகாத பெரியவர்களுக்கு மின்னஞ்சலில் பதிவு போய்ச் சேரும் வசதி வேர்ட்பிரஸ்.காமில் உண்டு.

மாதம் ஒருமுறை, வலைப்பூவின் அமைப்புகளுக்குள் சென்று உள்ளடக்கத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் வராமல் போகலாம். ஆகவே படங்களைத் தனியே ஒரு பென்டிரைவில் ஆண்டுவாரியாக அடுக்கி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். திரட்டியின் சந்தாப் பட்டியலையும் ஓ.பி.எம்.எல். கோப்பாக எடுத்து அதனுடன் சேர்த்துவிட்டால், செயலி நின்றுபோனாலும் வேறொன்றில் அதே பட்டியலை ஏற்றிக்கொள்ளலாம்.